ஜி-யில் இனிக்கும், ஈ-யில் கசக்கும்

கிதார் வாங்கிய புதிதில் ஏறக்குறைய எல்லோரும் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஜி மேஜர் கார்டைப் பிடித்து மீட்டினால் இரண்டாம் தந்தி லேசாக உறுத்தும். முறுக்காணியை மயிரிழை தளர்த்தினால் உறுத்தல் போய்விடும். அந்த மகிழ்ச்சியோடு ஈ மேஜரைப் பிடித்தால் அது சோர்ந்து கிடக்கும். முறுக்கினால் ஈ தேறும், ஜி கெடும். நமக்குக் காது சரியில்லை என்று முடிவுகட்டிக் கிதாரைப் பரணில் ஏற்றியவர்கள் உண்டு. பாவம், அவர்களுக்கு இருந்தது நல்ல காது. சுருதி விலகியிருப்பது வாத்தியம்தான். அதுவும் கணக்குப் போட்டு, தெரிந்தே விலக்கிவைத்தது.

தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்கள் முறையே 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ். போனில் இருக்கும் ட்யூனர் செயலி இந்த எண்களைத்தான் கேட்கிறது. இப்போது ஜி-யையும் பி-யையும் மட்டும் பாருங்கள். காதுக்கு முழுதாக இணங்கும் விகிதம் 5:4. அப்படியானால் பி 245-ல் இருக்க வேண்டும். ட்யூனரோ 246.9 என்கிறது.

இரண்டு ஹெர்ட்ஸ்கூட இல்லாத வித்தியாசம் எப்படிக் கேட்கிறது? மீட்டிய தந்தி முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. இவை சீரிசைகள். ஜி தந்தியின் ஐந்தாம் சீரிசை 980 ஹெர்ட்ஸ். பி தந்தியின் நான்காம் சீரிசை கிட்டத்தட்ட 988. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது ஒலி நொடிக்கு எட்டு முறை ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் படித்த விம்மல் இதுதான். பி-யை 245-க்கு இறக்கினால் விம்மல் அடங்கும். ஆனால் ஈ மேஜர் கார்டில் அதே தந்தி, தடித்த ஈ-யோடு 3:1 விகிதத்தில், 247.2-ல் நிற்க வேண்டும். ஒரு தந்தி இரண்டு இடத்தில் நிற்க முடியாது. ட்யூனர் சொல்லும் 246.9 ஈ-க்கு வெகு அருகில் இருக்கிறது, ஜி-க்குத் தள்ளியிருக்கிறது.

தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது இன்னும் உறுத்தும். மந்தர சட்ஜத்தை மீட்டும்போது யாரும் தொடாமலே அந்தர காந்தாரம் எழுகிறதே, அது ஐந்தாம் சீரிசை, சுத்தமான 5:4. கிதாரின் காந்தாரம் அதைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தூக்கல்.

இந்தச் சமரசம் எதற்கு என்றால், ஃப்ரெட்டுக்காக. கழுத்தில் பதித்த உலோகக் கம்பி ஒவ்வொன்றும் ஆறு தந்திக்கும் பொது. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் பாட்டு ஒரேபோல் ஒலிக்க வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏறும். 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிளாசிக்கல் கிதாரில் முதல் ஃப்ரெட், கழுத்தின் தலைமாட்டில் தந்தி அமரும் நட்டிலிருந்து 36.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, பன்னிரண்டாவது சரிபாதியில், 325-ல். மேலே போகப்போக இடைவெளி குறுகும்.

இந்தப் பெருக்கலுக்கு எளிய குறுக்குவழி ஒன்றை வின்சென்சோ கலிலி 1581-ல் வெளியிட்ட நூலில் சொன்னார். லூட் வாசித்த அந்த இத்தாலியர், விஞ்ஞானி கலிலியோவின் தந்தை. மிச்சமிருக்கும் தந்தி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து, அந்தத் தூரத்தில் அடுத்த ஃப்ரெட்டை வையுங்கள் என்பதே அவருடைய விதி. சரியான வகுஎண் 17.817. விளைவு, பன்னிரண்டாவது ஃப்ரெட் பாதியைத் தொடாமல் 650-க்கு 2 மி.மீ. சொச்சம் முன்னதாகவே நின்றுவிடும். சுரம் சற்றுக் குறையும். அப்படியும் கைவினைஞர்கள் அந்த விதியை நெடுங்காலம் விடவில்லை. பிழைக்கு எதிர்ப்பிழை ஒன்று விரலிலேயே இருந்ததுதான் காரணம். தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுரம் ஏறுகிறது. அங்கே குறைந்ததை இங்கே விரல் ஓரளவு ஈடுசெய்துவிடும். இன்றைய கிதாரில் ஃப்ரெட் கணக்கு துல்லியம் என்பதால், பிரிட்ஜில் தந்தி அமரும் இடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அந்த ஏற்றத்தைச் சரிக்கட்டுகிறார்கள்.

புதிதாகக் கற்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. விரல் நுனி சிவக்கச் சிவக்க அழுத்துவதால் சுரம் தெளிவாவதில்லை, பிசகுகிறது. இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் தந்தியைப் பள்ளத்தில் தள்ளுகிறீர்கள்; பலமும் வீண், சுருதியும் கூடும். ஃப்ரெட்டை ஒட்டி, அதற்கு மேலே ஏறாமல், நட்டுப் பக்கமாக விரலை வையுங்கள். பிடியை மெல்ல மெல்லத் தளர்த்தினால் ஓர் இடத்தில் தந்தி ‘கிர்ர்’ என்று இரையும். அதற்கு ஒரு துளி மேலே இருக்கும் அழுத்தம் போதும். வேண்டுமென்றே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றுவது வேறு வித்தை. கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா கமகம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு வழி.

தந்திகளின் பருமனுக்கும் கணக்கு உண்டு. 1636-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிவைத்த விதிகள் அவை. நீளமும் இழுவிசையும் ஒன்றாக இருந்தால், ஆறாம் தந்தி முதல் தந்தியைவிட இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்க அதன் எடை பதினாறு மடங்கு வேண்டும். அவ்வளவு தடித்த ஒற்றைக் கம்பி வளையாது. அதனால்தான் மெல்லிய உள்தந்தியின்மேல் உலோக இழையைச் சுற்றுகிறார்கள்.

வலக்கைக்கு வருவோம். ஒரே தந்தி, ஒரே சுரம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் கணீரென்றும் ஒலித்துளையின் மேல் மீட்டினால் குழைந்தும் கேட்கும். எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் நிற்க வேண்டிய சீரிசைகள் பிறப்பதில்லை. 1800-ல் தாமஸ் யங் விளக்கிய விஷயம். சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் அத்தனையும் காணாமல் போகும். பிரிட்ஜை நெருங்க நெருங்க மேல் சீரிசைகள் வலுக்கும். ஒரே பயிற்சியை மூன்று இடங்களில் மீட்டிப் பார்ப்பது, புதிய கார்டு ஒன்றைக் கற்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கட்சி.

தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அவ்வளவு மெல்லிய தந்திக்குக் காற்றைத் தள்ளும் வலு இல்லை. பிரிட்ஜ் வழியாக அதிர்வு மேல்பலகைக்கு இறங்குகிறது, பேசுவது அதுதான். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ் 1862-ல் இதை நிரூபிக்கவே ஒரு கிதார் செய்தார். மேல்பலகை நல்ல மரம். முதுகும் பக்கங்களும் காகித அட்டை. அந்தக் கிதார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே கடைக்காரர் முதுகுப் பலகையின் பளபளப்பைக் காட்டும்போது, நீங்கள் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர இழை விளிம்பிலும் தொடர்ந்தால் அது ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட்.