ரோல் தீர்ந்த பிறகு

சிறுசேரியில், சிப்காட் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் நான், ஞாயிறு தோறும் விடியுமுன் புறப்பட்டு, கேளம்பாக்கத்து உப்பளங்களின் ஓரத்தில் பறவைகளுக்காகச் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்வதை நெடுநாள் வழக்கமாகக் கொண்டவன். தோளில் ஒரு நிக்கான் எஃப்எம்2. பையில் 28, 50, 300 மில்லிமீட்டர் லென்ஸ்கள் மூன்று. சட்டைப்பையில் 36 படம் எடுக்கும் மாற்று ரோல் ஒன்று. பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறவேண்டிய காலம் வந்தபோது, விசாரித்த இடமெல்லாம் மெகாபிக்ஸல் கணக்கையே எனக்கு உபதேசம் செய்தார்கள். நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு என்பது பிறகுதான் விளங்கிற்று.

நாம் பழகிய பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். நடுத்தர விலையில் கிடைக்கும் பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரோ ஏறத்தாழ 24க்கு 16தான். லென்ஸ் உள்ளே விழச்செய்யும் பிம்பம் பழையதேயாயினும், அதன் நடுப்பகுதியை மட்டும் சென்சார் ஏற்றுக்கொண்டு ஓரங்களைக் கைவிட்டுவிடுகிறபடியால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 போலவும், 28 மில்லிமீட்டர் லென்ஸ் 42 போலவும் நடந்துகொள்கின்றன.

இரவல் வாங்கிய அத்தகைய கேமரா ஒன்றை மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் கொண்டுபோன அன்று இந்தக் கணிதத்தின் அர்த்தம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் வரும் தேவி, எதிர்ச் சுவரில் அனந்தசயனம், இடையில் தூண்கள். பின்னுக்கு நகர்ந்தால் எதிர்ச் சிற்பத்தில் முதுகு முட்டும். 28 மில்லிமீட்டர் லென்ஸில் தேவியும் மகிஷனும் சேர்ந்து அடங்கிய அதே இடத்தில் நின்றால், மகிஷன் பாதி வெட்டுப்பட்டான். திரும்பும் வழியில் உப்பளத்தில் அதே கேமரா மகா உபகாரியாக மாறிற்று: 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450க்குச் சமானமாகிவிட, தூரத்துக் கூழைக்கடா கூப்பிடு தூரத்துக்கு வந்ததுபோல் இருந்தது. ஆகவே பறவைக்காரருக்குச் சிறிய சென்சார் லாபம். குடைவரைக்காரர் முழு அளவுச் சென்சாரை நாடவேண்டும், அல்லது 18 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் புதிய லென்ஸ் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கவேண்டும்.

பழைய லென்ஸ் புதிய உடலில் பொருந்துமா என்பது அடுத்த விசாரம். லென்ஸைப் பூட்டும் இடமாக நிக்கான் 1959இல் அமைத்த வாயையே டிஜிட்டலிலும் வைத்துக்கொண்டது. ஆனால் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. கையால் திருகும் பழைய லென்ஸைப் பூட்டினால் நிக்கானின் டி90 உடல் வெளிச்சத்தை அளந்து சொல்லாது. டி200உம் டி7000உம் சொல்லும். 1977க்கு முன் வந்த, மாற்றியமைக்கப்படாத லென்ஸ்களோ சில உடல்களின் வாயைச் சேதப்படுத்தியே விடும். கேனன்காரர் கதை இன்னும் பரிதாபம். 1987இல் அந்தக் கம்பெனி வாயையே மாற்றிவிட்டது. பழைய எஃப்டி லென்ஸ் பிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கவேண்டியது, புதிய அமைப்பில் அந்தத் தூரம் 44. இந்த இரண்டு மில்லிமீட்டரால், இடையில் ஒரு கண்ணாடித் துண்டைச் சேர்த்தாலன்றித் தொலைவிலுள்ளது எதுவும் தெளிவாக விழாது. கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தூரம் சோனியில் 18, நிக்கானில் 16 என்று சுருங்கிவிட்டதால், வெறும் உலோக வளையமாகிய அடாப்டர் ஒன்றைக் கொண்டு ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸ்களையும் மாட்டிக்கொள்ளலாம்.

உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளில் கை பழகியவர்கள், வெளிச்சம் சற்று அதிகமானாலும் நெகட்டிவ் மன்னித்துவிடும் என்ற தைரியத்தில் வளர்ந்தவர்கள். சென்சாருக்கு அந்தத் தயாள குணம் கிடையாது. கடற்கரைக் கோயிலின் விமானத்துக்குப் பின்னால் சூரியன் எழும்போது கல்லின் நிழலுக்கு அளவு வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், பிறகு எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது. வானத்துக்கு அளவு வைத்து நிழலைக் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்வதே உசிதம்.

அந்தக் கம்ப்யூட்டரும், படங்களை இரண்டு பிரதிகளாகக் காக்கும் ஹார்டு டிஸ்க்குகளும், உப்புக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படராமலிருக்க சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியும் செலவுக் கணக்கில் சேரவேண்டியவை. பிலிமில் தூசி விழுந்தால் ஒரு படத்தோடு போயிற்று. சென்சாரில் விழுந்தாலோ துடைக்கும்வரை எல்லாப் படத்திலும் அது இருக்கும். மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

கடைசியில் நான் வாங்கியது, 2008இல் வெளிவந்த முழு அளவுச் சென்சார் கொண்ட நிக்கான் டி700, அதுவும் ஒருவர் உபயோகித்தது. பன்னிரண்டே மெகாபிக்ஸலா என்று நண்பர்கள் சிரித்தார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 14க்கு 9 அங்குலப் பிரிண்ட் போட அது தாராளம், அதைவிடப் பெரிய சுவர் என் வீட்டில் காலியாக இல்லை. உப்பளத்துக் கூழைக்கடாக்கள் பழையபடி சிறியவையாகவே விழுகின்றன. மண்டபத்துக்குள் மகிஷன் முழுதாகத் திரும்பி வந்துவிட்டான்.