எண்ணூர் ஆஸ்டினும் சோழவரம் ஓடுதளமும்: பழைய கார்ப் பந்தயம் ஓர் அறிமுகம்

இன்று லாரியும் பஸ்ஸும் செய்கிற எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு கார். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த ஆஸ்டின் ஏ-40 கார்களை எண்ணூரில் பூட்டி விற்றது. 1950இல் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1955இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய்க் கனரக வண்டி வந்தது.

அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் புல்லட்டுக்கான தொழிற்சாலை உருவாகத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1946இல், அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்திருந்தார். 1952இல் அவர் டயருக்கு மறுபட்டை ஒட்டும் டிரெட் ரப்பருக்கு மாறினார். எம்.ஆர்.எஃப். வளர்ந்தது இப்படித்தான். துறைமுகத்தில் பாகங்கள் இறங்கின. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை லேத்துப் பட்டறைகள் பெருகின. இன்ஜின், சக்கரம், டயர் மூன்றையும் அறிந்த கைகள் ஒரே கடற்கரையோரத்தில் சேர்ந்தன.

இந்தக் கைகளுக்கு எட்டும் தூரத்திலேயே பந்தயக் களமும் கிடைத்தது. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கும்வரை தென்னிந்தியாவின் பெரிய கார், பைக் பந்தயங்களுக்குச் சோழவரமே வீடு.

போருக்குப் பின் வேறு நாடுகளிலும் இதுவே நடந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், குட்வுட் இரண்டும் போர் விமானத் தளங்கள். இரண்டிலும் 1948இல் பந்தயம் தொடங்கியது. காரணம் எளியது. ஓடுதளம் அகலமானது, நேரானது. ஓரத்தில் மரம் இருக்காது. கட்டுப்பாடு இழந்து விலகிப் போகும் கார் மோதுவதற்கு எதுவுமில்லை. புதுத் தடம் போடப் பணமில்லாத காலத்தில் இதைவிட நல்ல இடம் அமையாது.

சோழவரத்தில் ஓடியவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள். வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்த அரச குடும்பத்தாரும் தொழிலதிபர்களும் வந்தார்கள். 1980களில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். ஆனால் அந்தக் களத்தின் உயிர் ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலைக் கார்களில் இருந்தது. சீட்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, இன்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டிக் கொண்டுவந்த கார்கள் அவை. இன்று உலகில் பழைய கார்ப் பந்தயம் என்று நடப்பதும் பெரும்பாலும் இத்தகைய கார்களை அவற்றின் காலத்து நுட்பத்தோடே ஓட்டுவதுதான். அதன் உள்விவரம் தெரிந்தால் பொறியியலின் அடிப்படைகளே விளங்கிவிடும்.

நாற்பது குதிரைகள்

எண்ணூர் ஆஸ்டினையே எடுத்துக்கொள்வோம். 1,200 சி.சி. இன்ஜின், 40 குதிரைத்திறன். அந்தத் திறன் நிமிடத்துக்கு 4,300 சுற்றில் கிடைக்கும். அதாவது கிராங்க் நொடிக்கு ஏறக்குறைய 72 முறை சுற்றும்போது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை முற்றாக நின்று திரும்புகிறது. நொடிக்கு 140 முறைக்கு மேல் நின்று, நின்று புறப்படுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 89 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டமோ 65 மில்லிமீட்டர் சொச்சம். இப்படி ஒடுங்கி நீண்ட இன்ஜினுக்குக் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை உண்டு. சுற்று கூடக் கூடக் கனெக்டிங் ராடு தாங்கும் சுமை ஏறிக்கொண்டே போகும். சுற்று இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. பழைய கார் ஓட்டுபவர் ஆர்.பி.எம். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காததற்கு இதுதான் காரணம். எல்லையைத் தாண்டிய ஒரு கணம் போதும், ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இந்த இன்ஜினிலிருந்து பிறந்த பரம்பரை நமக்கு மிகவும் பழக்கமானது. ஆஸ்டின் ஏ-40 இன்ஜினை வளர்த்தெடுத்துத்தான் பி-சீரிஸ் இன்ஜின் உருவானது. 1,489 சி.சி. அளவில் அதுதான் பல பத்தாண்டுகள் அம்பாசடரில் ஓடியது. 1,798 சி.சி. ஆக வளர்ந்து எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. இங்கிலாந்தின் அமெச்சூர்கள் வார இறுதிகளில் அதிகம் ஓட்டும் பழைய கார்களில் எம்.ஜி.பி. ஒன்று. நம் டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற காரும் அவர்களின் பந்தயக் காரும் ஒரே குடும்பம்.

இத்தகைய இன்ஜினைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது லேத்துப் பட்டறை வேலை. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை மெல்லிய அளவு சீவி எடுத்தால் எரியறை சுருங்கும், அமுக்கம் கூடும். அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். அதிகம் சீவினால் பெட்ரோல் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் ஓட்டையாகும். காற்று போகும் வழியில் வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். வால்வை அதன் இருக்கையில் உராய்வுப் பசை வைத்துத் தேய்த்து, கசிவில்லாமல் உட்காரவைக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் நான்கு ராடுகளையும் தராசில் வைத்துக் கனமானதை லேசானதன் எடைக்குக் கொண்டுவர வேண்டும். எடை ஒத்துப்போகாவிட்டால் நொடிக்கு 70 சுற்றில் அதிர்வு கூடும், பேரிங்கின் தேய்மானமும் கூடும். இதில் எதற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். பொறுமையும் மைக்ரோமீட்டரும் தேவை.

சென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் எரிவதும் குறையும், திறனும் குறையும். ரேடியேட்டரும் வெப்பத்தை வெளியேற்றத் திணறும். குளிர்நாட்டுக்குச் செய்த இன்ஜினை இங்கே பந்தயத்தில் ஓட்ட, ரேடியேட்டரையும் கார்புரேட்டரின் ஜெட்டையும் உள்ளூர்க்காரரே யோசித்து மாற்ற வேண்டியிருந்தது.

நிற்பதுதான் கடினம்

வேகம் இரட்டித்தால், காரை நிறுத்தக் கரைக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாகிறது. பழைய கார்களில் டிரம் பிரேக். சுழலும் டிரம்முக்குள்ளிருந்து ஷூ வெளிப்பக்கமாக அழுத்தும். நாலைந்து முறை பலமாகப் பிடித்தால் டிரம் சூடேறி விரியும். ஷூவை விட்டு விலகும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். எண்ணூர் ஆஸ்டினில் முன் சக்கரப் பிரேக் எண்ணெய் அழுத்தத்திலும், பின் சக்கரப் பிரேக் கம்பியாலும் இயங்கின. இரண்டும் ஒத்துப் பிடிக்கும்படி சரிசெய்வதே ஒரு கலை.

ஆகவே அனுபவசாலி பிரேக்கைச் சிக்கனமாகச் செலவழிப்பார். முதல் இரண்டு சுற்றில் பறந்து முன்னால் போனவரைக் கடைசிச் சுற்றில் பின்னாலிருந்து வந்து தாண்டுபவர் பெரும்பாலும் பிரேக்கை மிச்சம் வைத்திருந்தவராகவே இருப்பார்.

கார் வளைவுக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதற்குத் தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தை நினைத்துக்கொள்ளலாம். நின்றால் தண்ணீர் முன்னால் தளும்பும், திரும்பினால் பக்கவாட்டில் தளும்பும். காரின் எடையும் அப்படித்தான். பிரேக் பிடித்தால் முன் சக்கரத்துக்குப் போகிறது, திருப்பினால் வெளிச் சக்கரத்துக்குப் போகிறது. எடை எங்கே போகிறதோ அந்த டயருக்குப் பிடிப்பு கூடும், மற்றதற்குக் குறையும். தளும்பாமல் கொண்டுபோகத் தெரிந்தவரே வேகமான ஓட்டுநர்.

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதைக் கடுமையாகக் கற்றுக்கொடுத்த கார். அதன் பின் சக்கரங்கள் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் கீல் போட்டதுபோல் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், காரின் பின்பகுதி எழும்பும். வெளிப்பக்கப் பின் சக்கரம் அடியில் மடங்கி, டயரின் விளிம்பு மட்டும் தரையில் நிற்கும். மறுகணம் கார் பின்பக்கம் சுழன்றுவிடும். மருந்து இரண்டு. பட்டறையில், பின்னால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங்கைத் தாழ்த்திச் சக்கரத்தை உள்பக்கமாகச் சாய்த்துவைக்கலாம். தடத்தில், பிரேக் வேலையை நேர்ப்பாதையிலேயே முடித்துவிட்டு, வளைவு முழுக்க ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தபடியே போக வேண்டும்.

டயரும் இதில் பங்காளி. பழைய காருக்குரிய குறுக்கிழை டயர் சீக்கிரமே வழுக்கத் தொடங்கும். ஆனால் படிப்படியாக, முன்னறிவிப்போடு வழுக்கும். ரேடியல் டயர் கெட்டியாகப் பிடித்திருந்துவிட்டு எல்லை தாண்டியதும் சட்டென்று விடும். ஆகவே பழைய பந்தயத்தில் கார்கள் வளைவுகளில் மெல்லப் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டருக்குள் நடக்கும் இந்தச் சறுக்கலில் ஓட்டுநரின் கை செய்யும் ஒவ்வொரு திருத்தமும் வெளியிலிருந்தே தெரியும்.

சனி, ஞாயிறு

பந்தய வார இறுதி பரிசோதனையோடு தொடங்கும். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, சீட் பெல்ட், கூரை நொறுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு, தீயணைப்பான் எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்ப்பார்கள். வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். இன்ஜின் எண்ணெய் தடத்தில் சிந்தாமல் பிடிக்க ஒரு டப்பா வேண்டும். இந்தியாவில் பந்தயத்தில் இறங்க இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸும் அவசியம். பிறகு பயிற்சிச் சுற்றுகள். அடுத்து நேரம் குறிக்கும் சுற்றுகள். யார் முன் வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்வது அவைதான். மறுநாள் பந்தயம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர், ஆறு சுற்று என்றால் 22 கிலோமீட்டர். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். கூலண்டும் எண்ணெயும் கொதிக்கும் அறுபது வருடத்துக் காருக்கு அது நெடும்பயணம்.

ஓட்டுநருக்குக் கொடிகளின் மொழி மனப்பாடமாக இருக்க வேண்டும். மஞ்சள் ஆபத்து, தாண்டக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடம் வழுக்கும், எண்ணெயாக இருக்கலாம். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் கூடவே கார் எண்ணும் காட்டினால், அந்தக் காரில் ஏதோ பழுது, உடனே உள்ளே வரவேண்டும். பழைய கார்க்காரர்கள் அதிகம் பார்ப்பது கடைசி இரண்டைத்தான்.

ஒரே ஒரு கியர் மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். வளைவு வருகிறது; நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டும். தேய்ந்த பழைய கியர்பாக்ஸில் பற்களின் வேகத்தை ஓட்டுநரே ஒத்துப்போக வைக்க வேண்டும். வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடி இருக்கிறது. இடது கால் கிளச்சை மிதிக்க, கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. கிளச் மேலே வருகிறது. பிரேக்கை விடாமலே வலது காலின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. இன்ஜின் உறுமி எழுகிறது. மறுபடி கிளச், மூன்றாம் கியர், கிளச் மேலே. வேகங்கள் ஒத்துப்போயிருந்தால் சத்தமே வராது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு நொடியில். ஓட்டத் தெரிந்தவரா என்று பழைய மெக்கானிக்குகள் கண்டுபிடிப்பது இந்த ஒரு நொடியில்தான். அவர்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

ஓடினால்தான் தெரியும்

இங்கிலாந்தில் பழைய கார்களை ஓட்டிக் காப்பதற்கென்றே 1934இல் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1966இல் பந்தயம் நின்றுபோன குட்வுட் தடத்தை 1998இல் மீண்டும் திறந்து, ஆண்டுதோறும் அந்தக் காலத்துக் கார்களை மட்டும் ஓட விடுகிறார்கள். அதனால் அங்கே குறுக்கிழை டயர் செய்பவருக்கும், பழைய கார்புரேட்டர் சீராக்குபவருக்கும், வார்ப்பு ஹெட் ஊற்றுபவருக்கும் வேலை இருக்கிறது. வேலை இருப்பதால் அடுத்த தலைமுறை கற்றுக்கொள்கிறது.

நம்மிடம் இதற்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் பழைய கார்களைப் போற்றிக் கண்காட்சி நடத்துகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. கோவையின் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே வடிவமைத்தார். அதில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். கையிலிருக்கும் எளிய இயந்திரத்திலிருந்து பெரிய ஓட்டுநரை உருவாக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வடசென்னையில் காசிமேட்டு விசைப்படகுகளின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். திருவொற்றியூரில் காதால் கேட்டே டேப்பெட் இடைவெளி சொல்லும் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள்.

கண்காட்சியில் நிற்கும் காரின் பெயின்ட்டைத்தான் பார்க்க முடியும். அதன் பிரேக் ஏன் இறங்குகிறது, பின்பகுதி ஏன் சுழல்கிறது, ராடு எந்தச் சுற்றில் முறியும் என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். தெரிந்தவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்போதுதான். ஆண்டுக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். சோழவரத்தில் ஓடிய வகைக் கார்களான ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு ஆகியவற்றுக்கும் திருவொற்றியூர் புல்லட்டுக்கும் தனிப்பிரிவு வைத்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயம் நடத்தலாம். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களை ஒவ்வொரு காருக்கும் இருவராகப் பட்டறையில் சேர்க்கலாம். சோழவரம் நாட்களைக் கண்ட மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஸ்பேனர் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.