பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (டிசம்பர் 24, 1935 - நவம்பர் 24, 2008) இந்தியக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். 1950களிலும் 1960களிலும் இந்திய அணியின் இலக்குக் காவலராக (கோல் கீப்பர்) விளையாடினார். ஆறு அடிக்கும் மேலான உயரம் இவரது பெரும் பலமாக இருந்தது.

தொடக்க காலம்

தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் அமைந்துள்ள மதராசு படைப்பிரிவு மையத்தின் அணிக்காக ஆடினார். முதலில் இவர் கோல் அடிக்கும் நடுமுன்கள வீரராகவே இருந்தார். இலக்குக் காவலராக மாறிய பின்னரே புகழ் பெற்றார். இம்மையத்தின் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது.

பன்னாட்டு ஆட்டங்கள்

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். எசு. எசு. நாராயண் அவ்வணியின் மற்றொரு இலக்குக் காவலர். 1960 உரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அங்கேரியிடம் 1-2 எனவும், பெருவிடம் 1-3 எனவும் தோற்றது. பிரான்சுடனான ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பி. கே. பானர்ஜி அடித்த கோலால் முன்னிலை பெற்றிருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றியைத் தவறவிட்டது.

சகார்த்தா இறுதி ஆட்டம்

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி இவரது வாழ்க்கையின் உச்சம் எனலாம். இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றிருந்தது. காய்ச்சல் காரணமாகத் தங்கராஜால் இடையில் ஆட இயலவில்லை. அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இந்தியா 3-2 என்ற கணக்கில் தென்வியட்நாமை வென்றது.

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரணி. வென்ற அணியின் காவலரை மாற்றுவது எளிய முடிவன்று. எனினும் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம், உயரப் பந்துகளைப் பிடிப்பதில் வல்லவரான தங்கராஜை மீண்டும் களமிறக்கினார். இசுரேல், தாய்வான் ஆகிய நாடுகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்திருந்ததால், செப்டம்பர் 4 அன்று அரங்கில் கூடியிருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராக இரைந்தது. பி. கே. பானர்ஜியும், தலையில் தையல்களுடன் முன்களத்தில் ஆடிய சர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் கோல் அடித்தனர். எஞ்சிய நேரம் முழுவதும் அம்முன்னிலையைக் காக்கும் பொறுப்பு தற்காப்பு வீரர்களையும் தங்கராஜையும் சார்ந்தது. தென்கொரியா இறுதிக் கட்டத்தில் ஒரு கோலை மட்டுமே அடித்தது. 2-1 என இந்தியா தங்கம் வென்றது. இவ்வெற்றியைப் பற்றிப் பேசும்போது கோல் அடித்தவர்களின் பெயர்களே பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. இலக்குக் காவலர்களின் நிலை எங்கும் இதுவே.

கழகங்களும் விருதுகளும்

கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களான முகம்மதன் இசுப்போர்ட்டிங், மோகன் பகான், கிழக்கு வங்காளம் ஆகிய மூன்றுக்காகவும் இவர் ஆடியுள்ளார். 1958இல் ஆசியாவின் சிறந்த இலக்குக் காவலராகத் தேர்வானார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகப் பணியாற்றினார். பொகாரோவில் தமது 72ஆம் வயதில் காலமானார்.