பாலைமண்ணும் நிலநடுக்கமும்: துபாயின் அடித்தளங்கள்

1968ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது துபாய் ஏறத்தாழ 59,000 பேர் வாழ்ந்த ஒரு துறைமுகப்பட்டினம். இன்று அந்நகரின் மக்கள்தொகை 35 இலட்சத்தைக் கடந்துவிட்டது. அதன் கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உயரத்தையே பேசுகின்றனர். நாம் இங்கு அவற்றின் அடியில் கிடக்கும் மண்ணை நோக்குவோம். நிலம் அதிரும்போது ஒரு கட்டடம் நிற்குமா, சாயுமா என்பதில் அம்மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு.

அரேபியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசியத் தட்டின்மீது மோதிக்கொண்டிருக்கிறது. அம்மோதலில் மடிந்தெழுந்ததே ஈரானின் ஸாக்ரோஸ் மலைத்தொடர். துபாய் அம்மோதல் விளிம்பில் இல்லை. வளைகுடாவுக்கு இப்பால், ஓரளவு அமைதியான பகுதியில் இருக்கிறது. ஆயினும் அதிர்வு அதனை அடையாமல் இல்லை. 2005 நவம்பர் 27ஆம் நாள் ஈரானின் கிஷ்ம் தீவில் 6 அளவையொட்டிய நிலநடுக்கம் நேர்ந்தபோது துபாயின் பல கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியேறினர். 2013 ஏப்ரல் 16ஆம் நாள் ஈரான்–பாகிஸ்தான் எல்லையருகே 7.7 அளவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் மையம் துபாயிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அதையும் உயர்மாடிகளில் இருந்தோர் நன்கு உணர்ந்தனர்.

இவ்வளவு தொலைவு கடந்து வந்த அதிர்வு உயர்மாடிகளைத் தேடி ஆட்டுவானேன்? நிலநடுக்கத்தில் விரைவான அலைவுகளும் மெதுவான அலைவுகளும் கலந்தே புறப்படுகின்றன. விரைவானவை வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவானவை நெடுந்தொலைவு செல்லும். கட்டடம் ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய ஊசலாட்டக் காலம் உண்டு. மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் அது விநாடிக் கணக்கில் தோராயமாகக் கிட்டும் என்பது பொறியாளரின் பழைய வாய்பாடு. இதன்படி இரண்டு மாடி வீட்டுக்கு 0.2 விநாடி, இருபது மாடிக்கு 2 விநாடி. தன் காலத்தோடு ஒத்துவரும் அலைவுக்கே கட்டடம் மிகுதியாக ஆடும். ஆகவே தொலைவிலுள்ள பெரிய நிலநடுக்கம் கோபுரங்களையும், அருகில் நேரும் சிறியது தாழ்ந்த வீடுகளையும் தேர்ந்தெடுக்கின்றன எனலாம்.

இத்தேர்வில் மண்ணும் தலையிடுகிறது. 1985 செப்டம்பர் 19ஆம் நாள் மெக்ஸிகோ நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்மீது அமைந்திருந்தது. அக்களிமண் ஏறத்தாழ 2 விநாடி அலைவுகளைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களே பெரிதும் நொறுங்கின. உறுதியான தரையில் நின்ற பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

துபாயில் அத்தகைய ஏரிக்களிமண் இல்லை. ஆகவே மெக்ஸிகோவை அப்படியே இங்குப் பொருத்துவது மிகைப்படுத்தலாகும். இங்கே மேலே சில மீட்டர் மணல். அதன்கீழ் சுண்ணச்சத்துள்ள மணற்பாறை முதலிய வலுக்குறைந்த பாறைகள். அவற்றுள் பல நாம் ஊற்றும் கான்கிரீட்டைவிட மென்மையானவை. மணலின் தடிப்பு மனைக்கு மனை மாறும். வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் அதிர்வைக் கடத்தும் மணல் 10 மீட்டர் தடிப்பில் கிடந்தால், அதன் ஊசலாட்டக் காலம் ஏறத்தாழ 0.2 விநாடி. அது இரண்டு மாடி வீட்டின் காலமே என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம். மணல் தடிக்கத் தடிக்க ஆபத்து மேன்மேலும் உயர்ந்த கட்டடங்களுக்கு மாறுகிறது.

இதனை அறியவே மண் ஆய்வு. துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவர். அடி குறைந்தால் மணல் தளர்வானது. தளர்ந்த மணலில் நீரும் நிறைந்திருந்தால், அதிர்வின்போது மணற்துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழக்க, தரை குழம்பாகிவிடும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உடையாமலே சாய்ந்து படுத்தது இவ்வாறுதான். துபாயின் கரையோரத்தில் நிலத்தடிநீர் சில மீட்டர் ஆழத்திலேயே கிடப்பதால் இவ்வச்சம் பொருளுடையது. கடலடி மணலைப் பீய்ச்சி உருவாக்கிய பாம் ஜுமைரா தீவில், அதிரும் நீண்ட கருவிகளை உள்ளிறக்கி மணலை இறுக்கிய பின்னரே கட்டடங்கள் எழுந்தன.

சப்கா எனப்படும் உப்புத்தரை இன்னொரு வகைச் சிக்கல். காய்ந்திருக்கும்போது அது கல்போல் தோன்றும்; துகள்களைப் பிணைத்திருப்பது உப்பு. ஒரு குழாய்க் கசிவோ தோட்டத்து நீரோ போதும், உப்பு கரைந்து தரை இறங்கும். கோடையில் மட்டும் மண்ணைச் சோதித்தவர் இதைக் காணமாட்டார். அந்நிலத்தடிநீரின் குளோரைடும் சல்பேட்டும் கான்கிரீட்டையும் அதனுள் உள்ள இரும்புக் கம்பியையும் அரிப்பவை.

2010இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயரப் புர்ஜ் கலீஃபா இம்மண்மீதுதான் நிற்கிறது. 3.7 மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் தளம், அதன்கீழ் 1.5 மீட்டர் விட்டமும் 40 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஏறத்தாழ 190 ஆழ்தூண்கள். ஒரு தூண் 3,000 டன் சுமக்க வேண்டும். சோதனைத் தூணின்மீது 6,000 டன் ஏற்றிப் பார்த்தனர். அரிப்பைத் தடுக்க மின்வழிக் காப்பும் செய்யப்பட்டது. எனினும் அதன் கான்கிரீட் உடலின் வடிவமைப்பைப் பெரிதும் தீர்மானித்தது காற்று; உச்சியிலுள்ள எஃகுக் கூம்பில் நிலநடுக்கக் கணக்கு முதன்மை பெற்றது.

ஆதலால் கோபுரங்களைக் கண்டு அஞ்சுவது வீண் என்றே நாம் கருதுகிறோம். நம் உறவினர் பலர் வாழ்வதும் அவற்றிலல்ல. கவலைக்குரியவை நிலநடுக்க விதிகள் கண்டிப்பாவதற்கு முன் எழுந்த நடுத்தர உயரக் கட்டடங்களும், செலவு கருதி ஒன்றிரண்டு துளைகளோடு மண் ஆய்வை முடித்துக்கொள்ளும் சிறு வீடுகளும். கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்ட கட்டடங்களில் அதிர்வால் நேரும் வளைவு பெரும்பாலும் அத்தளத்துத் தூண்களிலேயே குவியும்; முறிவும் அங்கேதான் தொடங்கும். பக்கத்து மனையின் அறிக்கையை இரவல் வாங்கிக்கொள்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. இருபது மீட்டர் இடைவெளியில் மணற்படிவத்தின் தடிப்பு மாறிவிடக்கூடும். தரையில் வரிசையாக உணரிகளைப் பதித்து, சுத்தியலால் தட்டி, மேற்பரப்பு அலைகளின் வேகத்தை அளக்கும் முறை இன்று உண்டு. ஒரு வீட்டு மனைக்கு அவ்வளவீட்டைச் செய்து முடிக்கச் சில மணி நேரமே ஆகும்.