பழைய போர்வையில் ஒரு பேய்!

அக்டோபர் 31, மாலை நேரம். அமெரிக்காவில் ஒரு வீட்டின் கதவு தட்டப்படுகிறது. திறந்தால், வாசலில் ஒரு பேய், ஒரு வவ்வால், ஒரு எகிப்து மம்மி! மூன்றும் வீட்டுக்காரரின் இடுப்பு உயரம்தான். 'மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?' என்று கேட்டுப் பையை நீட்டுகின்றன. அவர் நடுங்குவது போல நடித்தபடியே மிட்டாய் போடுகிறார். இதுதான் ஹாலோவீன்!

இது பிறந்த இடம் அமெரிக்கா அல்ல. 2,000 ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த கெல்ட் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில், 'சவின்' என்ற விழாவைக் கொண்டாடினர். அந்த இரவில், இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிற்காலத்தில் நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் திருநாள் ஆனது. அதற்கு முந்தைய மாலையின் ஆங்கிலப் பெயரே சுருங்கி, ஹாலோவீன் ஆயிற்று.

ஸ்காட்லாந்தில் வேஷம் போட்டு வரும் பிள்ளைகள், ஒரு பாட்டோ, நகைச்சுவைத் துணுக்கோ சொல்லிக் காட்டிய பிறகே ஆப்பிள், கொட்டைப் பருப்பெல்லாம் வாங்கிக்கொள்வர். சும்மா கை நீட்டுவதில்லை. எனக்கு இந்த வழக்கம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது! 19ம் நூற்றாண்டில் பஞ்சத்தால் கப்பலேறிய அயர்லாந்து மக்கள், இவ்விழாவையும் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு, அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. பெரிது, குடைவதும் சுலபம். விடுவார்களா?

இப்போது அங்குள்ள கடைகளில் ஆயத்த உடைகள் குவிந்து கிடக்கும். ஆனாலும், வீட்டில் கிடக்கும் பழையதை வைத்தே வேஷம் கட்டும் பிள்ளைகள் ஏராளம். அந்த வித்தைகள், உங்கள் பள்ளி மாறுவேடப் போட்டிக்கும் உதவும்.

முதலில் பேய். ஒரு பழைய வெள்ளைப் போர்வை போதும். தலையில் போர்த்தி, கண் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். போர்வையைக் கழற்றிய பிறகே கத்தரிக்கோலைத் தொட வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. நடக்க நடக்கப் போர்வை நழுவி, கண் துளை காதுக்குப் போய்விடும்! எனவே முதலில் ஒரு தொப்பியை அணிந்து, அதனுடன் போர்வையை ஊக்கால் பிணைத்துவிடுங்கள். பிறகு அசையாது. நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவன், 1966ல் வந்த ஹாலோவீன் படத்தில், போர்வை முழுக்கத் துளை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். எல்லாருக்கும் மிட்டாய் கிடைக்க, அவன் பையில் விழுந்தது கல்!

வவ்வாலுக்கு வேண்டியது, கம்பி முறிந்த கறுப்புக் குடை. பெரியவர் ஒருவரைக் கம்பிகளை நீக்கித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான குடைத் துணியில், எட்டு முக்கோணத் துண்டுகள் இருக்கும். நடுவில் வெட்டினால், பக்கத்துக்கு நாலு. குடையின் உச்சி அக்குளில் வரும்படி வைத்து, வெட்டிய ஓரத்தின் ஒரு பாதியைச் சட்டைக் கையின் அடிப்பக்கத்திலும், மறு பாதியைச் சட்டையின் பக்கவாட்டிலும் தைக்க வேண்டும். கையை விரித்தால், வளைவு வளைவான விளிம்போடு சிறகு விரியும். குடை செய்தவருக்கே, 'இதைத்தானா நான் செய்தேன்!' என்று தோன்றும்.

மம்மி வேஷத்துக்கு, கிழிந்த வெள்ளை வேட்டி அல்லது பழைய படுக்கை விரிப்பை நீள நீளமாகக் கிழித்துத் தேயிலைத் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்ததும், கல்லறையில் கிடந்த துணி போலப் பழுப்பேறிவிடும். பலர் இதை உடம்பிலேயே நேராகச் சுற்றிவிடுவர். பத்து நிமிடத்தில் அவிழ்ந்து காலைச் சுற்றும். அவசரத்துக்குக் கழிவறை போகவும் முடியாது! பழைய சட்டை, பேண்ட் மீது தைத்துவிட்டால் கவலையில்லை.

கட்டம் போட்ட சட்டை, ஓலைத் தொப்பி, கைநுனியில் கொஞ்சம் வைக்கோல்... சோளக்கொல்லை பொம்மை தயார். அட்டைப் பெட்டிகளில் அலுமினியத் தாள் ஒட்டினால் ரோபோ. ஊதா பலூன்களைச் சட்டை முழுக்கக் குத்திக்கொண்டால் திராட்சைக் குலை. என்ன, உட்கார மட்டும் கூடாது! சக்கர நாற்காலியில் செல்லும் பிள்ளைகளுக்கு, அட்டையால் நாற்காலியையே கடற்கொள்ளையர் கப்பலாக மாற்றித் தரும் பெற்றோரும் உண்டு. அந்தத் தெருவில் கப்பலில் வருவது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

அழகை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று வாசல்தோறும், பரங்கிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும். தொளதொளவென்று தொங்கும் பருத்தித் துணியில் பொறி பட்டால், நொடியில் பற்றிக்கொள்ளும். அதனால்தான் உடையைத் தரையில் புரளவிடக் கூடாது. விளக்கருகே போகக் கூடாது. மெழுகுவர்த்திக்குப் பதில், பேட்டரி விளக்கு வைப்போரும் இப்போது பலர். உடையில் தீப்பிடித்தால் ஓடாதே. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். 'நில், படு, உருள்' என்று அங்குள்ள பள்ளிகளில் சொல்லித் தருகின்றனர். முகத்தை இரு கைகளாலும் மூடியபடி உருள வேண்டும். இதை இன்றே நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள், தீபாவளிக்கு வேண்டியிருக்கும்.

முகமூடியும் ஆபத்துதான். பக்கவாட்டில் வரும் காரை அது மறைத்துவிடும். எனவே முகத்தில் சாயம் பூசுவதே நல்லது என்கின்றனர். கறுப்பு உடை இருட்டில் தெரியாது என்பதால், சைக்கிளில் ஒட்டுவோமே, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, அதை வவ்வாலின் முதுகில் ஒட்டிவிடுகின்றனர்.

1950ல், பிலடெல்பியா நகரப் பிள்ளைகள் சிலர் மிட்டாய்க்குப் பதில் காசு கேட்டனர். உலகப் போரால் வாடிய நாடுகளின் குழந்தைகளுக்காக, 17 டாலர் திரட்டி, யுனிசெப் அமைப்புக்கு அனுப்பினர். பின்னர், பால் அட்டைப்பெட்டியையே உண்டியலாக்கி, நாடு முழுவதும் பிள்ளைகள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தனர்.

வேஷம் தைக்கும்போது மறக்கக் கூடாத இன்னொன்று: அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் வடபகுதியில் நல்ல குளிர். சட்டையை அளவாகத் தைத்துவிட்டால், புறப்படும் நேரத்தில் அம்மா அதன் மேல் கோட்டை மாட்டிவிடுவார். ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த வவ்வால், கோட்டுக்குள் போய்விடும். அதனால் விவரமான பிள்ளைகள், ஸ்வெட்டரை முதலில் போட்டுக்கொண்டுதான் அளவு எடுக்கின்றனர்.