தோட்டத்துப் பிள்ளையும் பள்ளிக்கூடமும்

ஒரு சமுதாயத்தின் நிலையை அளந்தறிய விரும்புவோர் அதன் செல்வத்தையும் தொழிலையும் கணக்கிடுவர். சிலர் அதன் கலைகளை நோக்குவர். அச்சமுதாயத்துக் குழந்தை பொழுது விடிந்தபின் எங்கே செல்கின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, இவ்வொரு வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் அங்குள்ள குடும்பத்தின் வரலாறு முழுவதுமே வெளிப்பட்டுவிடும்.

மலைநாட்டிற்குத் தேயிலை வந்த கதை பலரும் அறிந்ததே. முதலில் வந்தது கோப்பி. கோப்பிச் செடியை 1869ஆம் ஆண்டிற் பற்றிய இலைநோய் சில ஆண்டுகளில் அப்பயிரை அடியோடு அழித்தது. அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். இம்மாற்றம் பயிரளவில் நின்றுவிடவில்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்திற்கு மாத்திரம் ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பறிப்பு முடிந்ததும் தம் ஊர்களுக்கு மீண்டனர். வந்தோரிற் பெரும்பாலார் ஆடவரே. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது; வாரந்தோறும் கிள்ளப்பட வேண்டுவது. ஆகவே ஆண்டு முழுவதும் தங்கும் தொழிலாளர் வேண்டப்பட்டனர். தங்குவோருக்குக் குடும்பம் வேண்டும். கொழுந்து கிள்ளுதற்குப் பெண்களின் கையே ஏற்றது எனத் தோட்டத்தார் கருதினமையால், பெண்களும் குழந்தைகளும் கங்காணிமாரின் கூட்டங்களிற் சேர்ந்து வரலாயினர். தோட்டக் குடும்பம் என்பது இவ்வாறு தேயிலையோடு தோன்றியது எனல் மிகையாகாது.

அக்குடும்பத்திற்கு அளிக்கப்பட்ட உறையுள் லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களுள் ஒன்று, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது, ஒரு குடும்பத்திற்குரியது. காம்பரா தொழிலோடு பிணிக்கப்பட்டது. தோட்டத்தின் செக்ரோலிற் பெயருள்ளவனுக்கே அதில் இடம். பெயர் நீங்கினால் இடமும் நீங்கும். குடியிருக்கும் வீடும் வேலையும் ஒன்றேயான நிலையில், வேலை கொடுப்பவனே வீட்டுக்காரனும் மருத்துவம் பார்ப்பிப்பவனும் பள்ளி நடத்துபவனும் ஆகின்றான். மலைநாட்டுக் கல்வியின் குறைபாடுகளுட் பெரும்பாலன இவ்வொரு முடிச்சிலிருந்து பிறந்தவை.

தோட்டத்து நாள் தப்பொலியோடு தொடங்கியது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் கூடுதல் வேண்டும். கணக்கப்பிள்ளை அவரவர்க்கு மலை பிரித்துக் கொடுப்பார். தாய் அதற்கு முன் எழுந்து, நீரெடுத்து, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறுவாள். மாலையிற் கொழுந்து நிறுத்தபின் குழந்தையை எடுத்துக்கொண்டு திரும்பினால் அடுப்பும் விறகும் காத்திருக்கும். பிள்ளைக் காம்பராவுக்குரிய பருவத்தைக் கடந்து, வேலைக்குரிய பருவத்தை எட்டாத சிறுவர் சிறுமியர் பகல் முழுவதும் எங்கே இருப்பர்? பள்ளியென்று ஒன்று இல்லாதபோது லயத்து வாசலில் இருப்பர். பெண்பிள்ளையாயின் தம்பி தங்கையரைச் சுமந்திருப்பாள். பெண் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்ட ரேச்சல் குரியன் முதலியோர், மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சென்று பெறும் வழக்கம் தோட்டங்களில் நிலவியதை எடுத்துக்காட்டியுள்ளனர். வீட்டின் சுமை முழுவதையும் தாங்குபவள் கையிற் பணம் இராத குடும்பத்தில், மகளின் படிப்பைப் பற்றிய முடிவு யாரால், எவ்வாறு எடுக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

வேலைக்குரிய பருவமும் இக்காலத்தார் நினைப்பதுபோல் முதிர்ந்ததன்று. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்தபோது, ஆண், பெண், பிள்ளை என மூன்று தரங்களை வகுத்தது. பிள்ளையின் உழைப்பு சட்டத்திலேயே ஒரு தரமாக இடம்பெற்றது என்பது ஊன்றி நோக்கற்பாலது. கங்காணிக்கோ தன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு இவ்வளவென்று கைக்கூலி கிடைத்தது. புல்லுவெட்டவோ கொழுந்து கிள்ளவோ வரும் சிறுவனும் ஓர் ஆளே. கடன்பட்ட பெற்றோருக்கு அவன் கொண்டுவரும் சில்லறை தேவைப்பட்டது. துரைக்கு மலிவான கை, கங்காணிக்குக் கூலி, பெற்றோருக்குக் கடன் தணிவு. மூவர் நலமும் ஒருங்கே எதிர்த்து நிற்கும்போது பள்ளிக்கூடம் தலையெடுப்பது எங்ஙனம்? பெற்றோருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று அக்கால அறிக்கைகள் பல ஓயாது கூறின. நாட்டமின்மை இருந்திருக்கலாம், அதனை விளைத்த காரணத்தை அவை கூறவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பை மீண்டும் வலியுறுத்தியது. இவற்றின் விளைவாக எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியரும் கொண்டவை. அம்மண்டபத்தில் முதலாம் வகுப்பினன் மணலில் எழுதிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்பினன் அவனருகிலேயே கணக்குச் செய்வான். ஆசிரியர் தோட்டத்துச் சம்பளக்காரர்; துரையின் மனம் கோணாமல் நடக்கவேண்டியவர். இத்துணை இடையூறுகளுக்கிடையே எழுத்தறிவித்த அவ்வாசிரியர்களின் தொண்டு தக்கவாறு போற்றப்படவில்லை என்பதை ஈண்டுக் கூறாதிருத்தல் தகாது. ஐந்தாம் வகுப்பைக் கடந்தவன் மேலே படிக்க விரும்பின், நகரத்துப் பாடசாலைக்குப் பல கல் நடக்கவேண்டும், பலர் நடக்கவில்லை.

நாட்டின் ஏனைய பகுதிகளிற் கல்வி வெள்ளம் பெருகிய காலம் அது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்து மாணவனைப் பல்கலைக்கழகம் வரை உயர்த்தின. தோட்டப் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொண்டுவர 1947ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்ததாயினும், அதன்படி அரசு கையேற்றவை மிகச் சிலவே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நிறுத்தப்பட்டன. ஒரே நாட்டில், ஒரே மலையில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கிராமத்துப் பிள்ளைக்குப் பத்து வகுப்புகளும் இக்கரையிலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்து வகுப்புகளும் எனப் பிரிந்து கிடந்த நிலையை வேறெவ்வாறு விளக்குவது?

விளக்கம் குடியுரிமையில் உள்ளது. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தபின் தோட்டத்து மக்கள் அரசியலிற் குரல் பெறத் தொடங்கினர். அட்டனை நிலைக்களமாகக் கொண்டு கோ. நடேசையரும் அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளரைத் திரட்டினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதை, அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்பதை மெய்ப்பித்தோரே குடிகள் எனப்பட்டனர். லயத்திற் பிறந்து லயத்தில் இறந்தோருக்குப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். உரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. ஏனையோர் நாடற்றோராயினர். பெற்றோரின் நாடின்மை பிறக்கும் குழந்தைக்கும் உரியதாயிற்று.

இதற்கும் பள்ளிக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு இருவகைத்து. வாக்கில்லாதவனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப் பாராளுமன்றத்தில் எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. மற்றையது இன்னும் நுட்பமானது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கிராமத்துத் தந்தை மகனைப் படிக்கவைத்தபோது, கிளாக்கர், ஆசிரியர், வைத்தியர் என்னும் படிகள் அவன் கண்முன் தெரிந்தன. தோட்டத்துத் தந்தை கண்முன் தெரிந்தது செக்ரோல் ஒன்றே. எத்தனை வகுப்புப் படித்தாலும் சென்று சேரும் இடம் அதுவேயாயின், சீக்கிரம் சேர்வதே ஆதாயம் என அவன் எண்ணியதைப் பேதைமை என்பார் அவனது கணக்கை உணராதவரே.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது; எஞ்சிய 150,000 பேர் 1974இற் சமமாகப் பங்கிடப்பட்டனர். எண்ணைப் பங்கிடுதல் எளிது. குடும்பம் அவ்வாறு பிரிவதன்று. தமையன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் விண்ணப்பித்திருந்தனர். மணமான மகள் கணவனோடு தங்க, முதிய பெற்றோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், தமிழ்நாட்டரசு அவர்கள் பொருட்டு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து கிள்ளினர். என்று பெயர் வரும், என்று புறப்பட வேண்டும் என்று அறியாமற் காத்திருந்த ஆண்டுகளிற் பிள்ளையின் பள்ளிப் படிப்பு எந்நாட்டுக்காக என்பதே தெளிவில்லாதிருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின்னரே, 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகக் கையேற்றது. முதற் சட்டத்திலிருந்து எண்ணினால் எழுபதாண்டுகள்! பின்னர் சுவீடன் நாட்டுதவியாற் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மானிய உதவியுடன் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியராக நியமனம் பெற்றனர். நியமனத்தின் பயன் வகுப்பறைக்கு வெளியேதான் மிகுதி எனலாம். லயத்திற் பிறந்த ஒருவர் அரசாங்கச் சம்பளம் பெறுவதை அயல் காம்பராவினர் கண்ணாரக் கண்டனர். மேலே கூறிய தந்தையின் கணக்கு அன்றே மாறத் தொடங்கியது. தோட்டக் கல்வியின் வரலாற்றை அரசியற் பொருளாதார நோக்கில் விரித்து ஏஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறையிற் புகுவார் அனைவரும் கற்கவேண்டியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது.

பள்ளி வந்தபின்னும் வயிறு நிறைந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர்; தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 பேர். தேயிலையை உலகெங்கும் அனுப்பும் மலையில் மூவருள் ஒரு குழந்தை குறுகி வளர்கின்றது.

படித்த பிள்ளை மலையில் நிற்பதில்லை. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் யுவதியர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். படிப்பை இடையில் விட்ட சிறுமியர் நகரத்து வீடுகளிற் பணிக்கு அமர்த்தப்பட்ட கொடுமையும் நெடுங்காலம் நிலவியது. அத்தகைய சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் இறந்த 2021ஆம் ஆண்டில் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டதும் அவ்வாண்டிலேயே. தாய்மாரும் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போகின்றனர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் செல்லலாகாது என 2013இல் விதிக்கப்பட்ட தடை, பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022இல் இரண்டு வயதெனத் தளர்த்தப்பட்டது. முன்னொரு காலத்திற் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தையை மாலையில் எடுக்கத் தாய் வந்தாள்; இன்று பாட்டியிடம் விடப்படும் குழந்தை ஈராண்டு காத்திருக்கவேண்டும்.

லயத்துக் காம்பராவோ பல தோட்டங்களில் இன்னும் செக்ரோலோடு பிணிக்கப்பட்டே கிடக்கின்றது. ஆகவே பிள்ளைகள் அனைவரும் மலையைவிட்டு இறங்கிய குடும்பத்திலும், காம்பராவைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒருவர் தோட்டத்திற் பெயர் பதிந்து நிற்கவேண்டியுள்ளது. அவ்வாறு நிற்பவள் பெரும்பாலும் தாய். பட்டணத்திலிருந்து மக்கள் அனுப்பும் பணத்தை வாங்கிக்கொண்டு, தான் அப்பொழுதும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுகின்றாள்.