டிவி விற்றார், டிவி நடத்தினார்... ஓட்டு விழுந்தது எப்படி?

காஞ்சிபுரம்: பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தறிச் சத்தத்தோடு டிவி சத்தமும் கேட்கும். தேர்தல் வந்தால் டீக்கடையில் ஒரு பேச்சும் கேட்கும். "சொந்தமா ஒரு சேனல் இருந்தா போதும்பா, ஈசியா ஜெயிச்சிடலாம்!" நிஜமா? வசந்தகுமார் கதையைப் பார்த்தால் புரியும்.

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் 1950ல் பிறந்தவர் எச்.வசந்தகுமார். காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் தம்பி. சென்னையில் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தவர், 1978ல் சொந்தமாக 'வசந்த் அன் கோ' கடையை ஆரம்பித்தார்.

டிவி, பிரிட்ஜை மொத்தப் பணம் கொடுத்து வாங்க முடியாத குடும்பங்களுக்கு மாதத் தவணையில் கொடுத்தார். வியாபாரம் சூடு பிடித்தது. விளம்பரத்திலும் அவரே சிரித்தபடி நின்றார். ஊரெல்லாம் அந்த முகம் தெரிந்தது. 2008ல் வசந்த் டிவியும் வந்தது.

இனி தேர்தல் கணக்கு:

2006: சேனல் கிடையாது. தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸ். நாங்குநேரியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார்.

2011: சேனல் இருந்தது. அதே கூட்டணி, அதே தொகுதி. ஆனால் அ.தி.மு.க. அலை அடித்தது. தோல்வி.

2014: கன்னியாகுமரி எம்.பி. தொகுதி. காங்கிரஸ் தனியாக நின்றது. பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணனிடம் தோல்வி.

2016: மறுபடி தி.மு.க. கூட்டணி. நாங்குநேரியில் வெற்றி.

2019: அதே கூட்டணி. மத்திய மந்திரியாக இருந்த பொன்.ராதாகிருஷ்ணனை 2 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் வீழ்த்தி எம்.பி. ஆனார்.

அதாவது, சேனல் இல்லாதபோதே ஜெயித்தவர், சேனல் வந்தபிறகு இரண்டு முறை தோற்றார். முகத்தை வீடு வீடாகக் கொண்டு போவது டிவி. ஓட்டைக் கூட்டுவது கூட்டணியும் அந்த நேரத்துக் காற்றும்தான்.

இன்னொரு உதாரணமும் நம்ம பக்கத்திலேயே இருக்கு. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்தை உருவாக்கியவர் பாரிவேந்தர். 2011ல் புதிய தலைமுறை டிவி தொடங்கியது இவரது குடும்பம். பெரம்பலூரில் இவர் 2014ல் பா.ஜ.க. கூட்டணியில் தோற்றார். 2019ல் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். 2024ல் தாமரையில் நின்று தோற்றார்.

வசந்தகுமாரின் எம்.பி. பதவி ஒன்றேகால் வருஷம்தான் நீடித்தது. கொரோனா தாக்கி 2020 ஆகஸ்ட் 28ல் சென்னையில் காலமானார். வயது 70. 2021ல் நடந்த இடைத்தேர்தலில் அவரது மகன் விஜய் வசந்த் ஜெயித்தார். 2024லும் அவரே ஜெயித்தார்.

எந்த சேனல் யாருடையது என்று தெரிந்துகொண்டு நியூஸ் பார்ப்பது நல்லது. ஆனால் ஓட்டு மெஷின் பட்டனை அழுத்துவது நம்ம விரல்தான்!